மோரிஸ் மைனர் 1000: மூன்று வருடம் தினமும் ஓட்டிய பிறகு

பெட்ரோல் போட நிறுத்தும்போதெல்லாம் யாராவது ஒருவர் பக்கத்தில் வந்து நிற்பார். பானெட்டை மெதுவாகத் தடவிப் பார்ப்பார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இதைத் தினமும் ஓட்ட முடியுமா?" என்று கேட்பார். பின்னால் வண்டிகள் காத்திருக்கும்போது சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முடியும். நானும் என் வீட்டுக்காரரும் சேர்ந்து 1965-ம் வருடத்து நாலு கதவு மோரிஸ் மைனர் என்ற பிரிட்டிஷ் கார் ஒன்றை இரண்டரை வருடம் பிரித்து மாட்டினோம். அது ரோட்டுக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. வேலைக்குப் போவது, கடைக்குப் போவது, ராத்திரி யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் ஓடுவது, எல்லாம் இதில்தான். 21,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. எங்களிடம் வேறு கார் இல்லை. இதை முதலிலேயே சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வருகிற பழைய கார் வேறு, திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு ஸ்டார்ட் ஆகியே தீர வேண்டிய பழைய கார் வேறு. இரண்டுக்கும் பார்க்கிற வேலையே வேறு. நான் எழுதுவது இரண்டாவது வகையைப் பற்றி.

ஏன் மைனர்? இவருக்குச் சின்ன வயதிலிருந்தே அந்த உருண்டை முகம் பிடிக்கும். எனக்கு வேறு காரணம். 1948-ல் வந்து 1971 வரை தயாரான கார் இது, மொத்தம் 16 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். பிரிட்டனில் பத்து லட்சத்தை முதலில் தாண்டிய காரும் இதுதான். அதைவிட முக்கியம், இதில் இருக்கும் ஏ சீரிஸ் எஞ்சின் மினி காரில் 2000 வரை வந்துகொண்டிருந்தது. அதனால் கேஸ்கட்டிலிருந்து பிஸ்டன் வரை இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். தினமும் ஓட்டப்போகும் வண்டிக்கு, பாகம் கிடைக்குமா என்பதுதான் முதல் கேள்வி. பார்க்க இதைவிட அழகான பழைய கார்கள் இருக்கின்றன. ஒரு வாட்டர் பம்புக்காக நாலு மாதம் காத்திருக்க வைக்கிற காரை வைத்துக்கொண்டு வேலைக்குப் போக முடியாது.

வண்டி எங்கள் கைக்கு வந்தபோது வெளியே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. இவர் ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டாண்டு வைத்து, ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் அடிப்பகுதியைத் தட்டிக்கொண்டே போனார். டங், டங் என்று வந்துகொண்டிருந்த சத்தம் ஓர் இடத்தில் பொத்தென்று மாறியது. ஸ்க்ரூ டிரைவரைத் திருப்பி முனையால் லேசாகத்தான் அழுத்தினார். பாதி உள்ளே போய்விட்டது. வெளியே இழுத்ததும் துருத் தூளோடு கட்டி கட்டியாகப் பட்டி கொட்டியது. யாரோ ஓட்டையைப் பட்டி வைத்து அடைத்து, மேலே கறுப்பு பெயின்ட் அடித்து விற்றிருக்கிறார்கள்.

மைனர் வாங்கப் போகிறவர்கள் எஞ்சின் சத்தத்தைக் கேட்பதற்கு முன்னால் தரையில் படுத்து அடியைப் பாருங்கள். இதற்குத் தனி சேஸிஸ், அதாவது அடிச்சட்டம், கிடையாது, பாடிதான் எல்லாப் பாரத்தையும் தாங்குகிறது. கதவுகளுக்கு அடியில் நீளமாக ஓடும் பெட்டிப் பகுதி, முன்பக்க டார்ஷன் பார்களின் (முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங் வேலை செய்யும் கம்பிகள்) பின்முனையைப் பிடித்திருக்கும் குறுக்குச் சட்டம், பின்பக்க லீஃப் ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடம், இந்த மூன்றும் கெட்டியாக இருந்தால் மற்றதெல்லாம் சமாளிக்கக்கூடியது. எங்கள் வண்டியில் மூன்றுமே போயிருந்தன.

இவர் ஏற்கெனவே கொஞ்சம் வெல்டிங் தெரிந்தவர். ஆனாலும் ஒரு மாதம் வெறும் தகட்டுத் துண்டுகளில் பழகிய பிறகுதான் வண்டியில் கை வைத்தார். கதவுக்குக் கீழே இருக்கும் பகுதியை வெட்டினால் பாடி நடுவில் தொய்ந்துவிடும், அப்புறம் கதவு மூடாது. அதனால் கதவு வாசலில் குறுக்காக ஒரு இரும்புக் குழாயை வெல்டு வைத்துவிட்டு, ஒரு பக்கம் முழுசாக முடித்த பிறகுதான் அடுத்த பக்கம் வெட்டினார். ஒவ்வொரு நாள் வேலை முடிந்ததும் கதவு இடுக்கை மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்தில் அளந்து சுவரில் பென்சிலால் எழுதி வைப்பார். அந்த எண்கள் இன்னும் எங்கள் ஷெட் சுவரில் இருக்கின்றன. கடைசியில் குழாயை வெட்டி எடுத்த அன்று டிரைவர் பக்கக் கதவை விரலால் தள்ளினார். 'க்ளிக்' என்று மூடிக்கொண்டது. நாங்கள் இருவரும் அதைப் பத்து தடவையாவது திறந்து மூடியிருப்போம்.

பானெட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதன் நடுவில் நீளமாக ஒரு தட்டையான பட்டை ஓடும். அலெக் இசிகோனிஸ் இந்தக் காரை வடிவமைத்தபோது, மாதிரி வண்டி ரொம்ப ஒடுக்கமாக இருப்பதாக நினைத்து, அதை நடுவில் நீளவாக்கில் வெட்டச் சொல்லி, இரண்டு பாதியையும் நகர்த்திப் பார்த்தார். நாலு அங்குலம் விலகியபோது சரியாக இருந்தது. அந்த நாலு அங்குலம்தான் அந்தப் பட்டை. நான் எமரி தாள் வைத்து அதைத் தேய்த்துக்கொண்டிருந்த இரண்டு நாளும் அந்த வெட்டைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். வளைவுகளின் அழகுக்கு மட்டுமில்லை, ரோட்டில் இந்தக் கார் நிற்கிற நிதானத்துக்கும் அந்த அகலம் காரணம்.

எங்கள் இருவருக்கும் இந்த வண்டி விஷயத்தில் வந்த பெரிய வாக்குவாதம் பெயின்ட் பற்றியது. பாடி வேலை முடிந்ததும் இவர் பெயின்ட் அடித்துவிடலாம் என்றார். அத்தனை மாதம் துருவையே பார்த்த கண்ணுக்கு நிறம் பார்க்க ஆசை, எனக்கும் புரிந்தது. ஆனால் நான் சொன்னேன்: "ஏங்க, முதல்ல நிக்கட்டும். அப்புறம் மின்னட்டும்." பிரைமரோடு நாலு மாதம் ஓட்டினோம். பிரேக், சஸ்பென்ஷன், கூலிங், வயரிங் எல்லாவற்றையும் அந்த நாலு மாதத்தில் சரி செய்தோம். மூன்று தடவை பானெட், இரண்டு தடவை முன்பக்க மட்கார்டு கழற்ற வேண்டி வந்தது. பெயின்ட் அடித்திருந்தால் ஒவ்வொரு தடவையும் கீறல் விழுந்திருக்கும். பழைய கார் எடுத்துச் செய்கிற எல்லோருக்கும் நான் சொல்வது, பெயின்ட்டைக் கடைசியில் வையுங்கள்.

பிரேக் விஷயத்துக்கு வருகிறேன். எங்களுடையது போன்ற 1098 சிசி எஞ்சின் மைனருக்கு முன்னால் எட்டு அங்குல டிரம், பின்னால் ஏழு அங்குல டிரம். சரியாக அட்ஜஸ்ட் செய்தால் அந்தக் காலத்து ரோட்டுக்குப் போதுமான பிரேக்தான். ஆனால் முன்னால் போகிற இன்றைய கார் நிற்கிற தூரத்தில் இது நிற்காது. முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் கிட் போட்டோம். பெயர் சொல்லி விளம்பரம் செய்யும் எண்ணம் இல்லை. பல பேர் இதைச் செய்து விற்கிறார்கள், அடிப்படை ஒன்றுதான். டிஸ்க் மட்டும் போட்டு ஓட்டிப் பார்த்தபோது பெடலை மிதிக்க முன்பைவிட அதிக பலம் தேவைப்பட்டது. டிரம்மில் ஷூ தானாகவே கொஞ்சம் இழுத்துப் பிடித்துக்கொள்ளும், டிஸ்க்கில் அது இல்லை. அதனால் மிதிக்கிற பலத்தைக் கூட்டிக் கொடுக்கும் சர்வோவும் சேர்த்துப் போட்டோம். இப்போது என் காலுக்கு மிதி லேசாக இருக்கிறது, நேராக நிற்கிறது. இந்தக் காருக்குச் செலவழித்ததில் மனநிறைவு அதிகம் தந்தது இதுதான்.

ஒரு எச்சரிக்கை. மைனரின் மாஸ்டர் சிலிண்டர், அதாவது மிதியின் அழுத்தத்தைப் பிரேக் ஆயிலுக்குக் கொடுக்கும் பாகம், டிரைவர் காலடியில், தரைக்குக் கீழே, பாடியின் பெட்டிப் பகுதிக்குள் ஒளிந்திருக்கிறது. அதைக் கழற்ற டார்ஷன் பார் குறுக்கே நிற்கும். பிரேக் ஆயில் அளவு பார்க்கவே கால்மிதியைத் தூக்கி ஒரு மூடியைத் திறக்க வேண்டும். பார்க்கக் கஷ்டமாக இருப்பதாலேயே நிறைய பேர் பார்ப்பதில்லை. இந்தக் காரில் நாலு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் லைன்தான். எங்காவது ஓர் இடத்தில் ஒழுகினால் மொத்த பிரேக்கும் போய்விடும். நான் மாதம் ஒரு முறை பார்க்கிறேன். பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுசாக மாற்றுகிறோம், அது காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

இப்போது கிரீஸ். மைனர் வைத்திருக்கிறேன் என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, "டிரன்னியனுக்கு எப்போது கிரீஸ் அடித்தீர்கள்?" என்றுதான். முன் சக்கரத்தைத் தாங்கும் கிங்பின்னின் மேல்முனையும் கீழ்முனையும் திருகு மாதிரி மரை போட்டவை. அவை டிரன்னியன் என்கிற கட்டைக்குள் திருகி நிற்கின்றன. ஸ்டீயரிங் திருப்பும்போதெல்லாம் அந்த மரை சுழல்கிறது. கிரீஸ் இல்லாமல் ஓட்டினால் மரை தேய்ந்து, ஒருநாள் கீழ்க் கட்டை கிங்பின்னை விட்டுக் கழன்று, சக்கரம் மட்கார்டுக்கு அடியில் மடங்கிக்கொள்ளும். பெரும்பாலும் மெதுவாக, ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்துப் பார்க் செய்யும்போது நடக்கும். வேகத்தில் நடந்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே வேண்டாம். எங்கள் வண்டியின் இடது பக்கக் கட்டையைக் கழற்றியபோது உள்ளே மரை இருந்த இடத்தில் வழவழவென்று பள்ளம்தான் இருந்தது. அதில் கிரீஸின் வாசனைகூட இல்லை. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு இவர் ரொம்ப நேரம் பேசவில்லை. வாங்கிய அன்று வீட்டுக்கு அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தவர் இவர்தான்.

இரண்டு பக்கமும் புதுசு போட்டோம். 1,500 கிலோமீட்டருக்கு ஒருமுறை கிரீஸ் அடிக்கிறேன். முறை இதுதான்: சக்கரம் தரையை விட்டு எழும் வரை ஜாக்கி போட்டுத் தூக்கவும், கீழே ஸ்டாண்டு வைக்கவும். பாரம் மரையின் மேல் இருந்தால் கிரீஸ் ஒரு பக்கம் போகாது. கிரீஸ் உள்ளே போகும் முனையான நிப்பிளை முதலில் துணியால் துடைக்கவும், இல்லாவிட்டால் மண்ணும் சேர்ந்து உள்ளே போகும். கிரீஸ் கன்னை மாட்டி, மெதுவாக அழுத்தி, நடுநடுவே ஸ்டீயரிங்கை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திருப்ப ஒருவர் வேண்டும். இவர் திருப்புவார், நான் கீழே. முதலில் கறுப்பாக, அழுக்காக ஒரு புழு மாதிரி பழைய கிரீஸ் வெளியே வரும். அது பொன்னிறமாக மாறும் வரை அழுத்த வேண்டும். "வந்துடுச்சாம்மா?" என்று மேலே இருந்து கேட்பார். "இன்னும் ரெண்டு அழுத்து" என்பேன். இரண்டு பக்கமும் சேர்த்து அரைமணி நேரம். இந்த அரைமணி நேரத்தை ஒதுக்க முடியாதவர்கள் மைனர் வாங்க வேண்டாம் என்று மனதார வேண்டிக்கொள்கிறேன்.

அதற்கு இந்தக் கார் திருப்பித் தருவது என்ன? ஸ்டீயரிங். இதைச் சொல்லாமல் மைனரைப் பற்றி எழுதக்கூடாது. பல் சக்கரம் ஒரு பல் தண்டை நேராக நகர்த்தும் ரேக் அண்ட் பினியன் ஸ்டீயரிங் இந்த மாதிரி சின்னக் காரில் அரிதாக இருந்த காலத்தில் இதில் வந்தது. பவர் ஸ்டீயரிங் கிடையாது, தேவையும் இல்லை. ரோட்டில் ஒரு கூழாங்கல் ஏறினால்கூடக் கையில் தெரிகிறது. வளைவில் எவ்வளவு திருப்பினேனோ அவ்வளவு திரும்புகிறது. நான் அதற்கு முன் பல வருடம் புதுக் கார்கள்தான் ஓட்டினேன். ஓட்டுவது வேலையாகத்தான் இருந்தது. இதில் ஒன்பது கிலோமீட்டர் தூரத்து அலுவலகம் சீக்கிரம் வந்துவிட்டதே என்று இருக்கிறது.

வயரிங் முழுக்க என் பொறுப்பு. பழைய வயர்களின் துணி உறை தொட்டால் பொடியாக உதிர்ந்தது, அதனால் ஒட்டுப்போடும் பேச்சுக்கே இடமில்லை, முழு செட்டையும் மாற்றினேன். 1960-களின் மைனரில் மொத்தமே இரண்டு ஃப்யூஸ்தான். ஹெட்லைட்டுக்கு ஃப்யூஸே கிடையாது, மொத்த மின்சாரமும் டாஷ்போர்டில் இருக்கும் ஸ்விட்ச் வழியாகத்தான் போய் வருகிறது. எட்டு ஃப்யூஸ் உள்ள பெட்டி ஒன்றையும், ஹெட்லைட்டுக்கு இரண்டு ரிலேவும் (பேட்டரியிலிருந்து நேராகக் கரண்ட் கொடுக்கும் மின் ஸ்விட்ச்) போட்டேன். அதே ஏழு அங்குல விளக்குதான், ஹாலஜன் பல்பு மட்டும் மாற்றினேன். ரிலே போட்ட அன்று ராத்திரி வெளிச்சத்தைப் பார்த்து இவர், "வேற லைட்டு மாட்டினியா?" என்று கேட்டார். பழைய ஸ்விட்ச்சிலும் நீளமான வயரிலும் தொலைந்துகொண்டிருந்த வோல்ட்டேஜ்தான் விளக்குக்கு வந்து சேர்ந்தது.

பேட்டரியை சார்ஜ் செய்யும் பழைய டைனமோவை எடுத்துவிட்டு, அதே வேலையை இன்றைய கார்களில் செய்யும் ஆல்டர்நேட்டர் போட்டோம். டைனமோ அதிகபட்சம் 22 ஆம்பியர் கொடுக்கும். வண்டி சிக்னலில் நிற்கும்போது கிட்டத்தட்ட ஒன்றும் கொடுக்காது. மழைநாளில் ஹெட்லைட், வைப்பர், ஹீட்டர் ஃபேன் எல்லாம் ஓடும்போது பேட்டரிதான் தாங்க வேண்டும். தினமும் ஓட்டுகிற வண்டிக்கு அது சரிப்படாது. ஆனால் மைனர் பாசிட்டிவ் எர்த் வண்டி. அதாவது பேட்டரியின் பிளஸ் முனை பாடியோடு இணைந்திருக்கும். ஆல்டர்நேட்டர் போடும் முன் நெகட்டிவ் எர்த்துக்கு மாற்ற வேண்டும், ஸ்பார்க்குக்கு உயர் வோல்ட்டேஜ் தரும் காயில் வயர்களையும் இடம் மாற்ற வேண்டும். பழைய ரேடியோ இருந்தால் முதலில் அதைக் கழற்றிவிடுங்கள், வெந்துவிடும். வேலை முடிந்ததும் பானெட்டுக்குள் கொட்டை எழுத்தில் 'நெகட்டிவ் எர்த்' என்று ஒட்டி வைத்திருக்கிறேன். நாளைக்கு வேறு யாராவது பேட்டரி மாட்டினால் குழப்பம் வரக்கூடாது.

பிரேக் லைட், இண்டிகேட்டர் எல்லாம் எல்இடி பல்பு. இண்டிகேட்டரை மினுக்கவைக்கும் பழைய ஃப்ளாஷர், பல்பு இழுக்கிற கரண்டின் சூட்டில் வேலை செய்வது. எல்இடி இழுப்பது கொஞ்சம் என்பதால் அது மினுக்காது, எலக்ட்ரானிக் ஃப்ளாஷர் வேண்டும். நாலு இண்டிகேட்டரும் சேர்ந்து எரிகிற ஹசார்டு ஸ்விட்ச் ஒன்றும் வைத்தேன். ஓரமாக நிற்க வேண்டி வந்தால் அது உயிர் காக்கும்.

ஒருநாள் உண்மையிலேயே நிற்க வேண்டி வந்தது. ஸ்பார்க் பிளக்குகளுக்குக் கரண்ட்டைப் பிரித்துக் கொடுக்கும் டெல்கோவுக்குள் (டிஸ்ட்ரிபியூட்டர்), சுழன்று அந்தக் கரண்ட்டைக் கடத்தும் ரோட்டர் ஆர்ம் புதுசு போட்டு மூன்று வாரம்கூட ஆகவில்லை. சாயங்காலம், நல்ல மழை, இருவரும் வண்டியில். சந்திப்பைத் தாண்டியதும் சாவியைத் திருப்பி அணைத்த மாதிரி எஞ்சின் நின்றுவிட்டது. இருமல் இல்லை, தடுமாற்றம் இல்லை. பெட்ரோல் பிரச்சினை என்றால் திக்கித் திக்கி நிற்கும். இப்படிப் பட்டென்று நின்றால் கரண்ட்தான். ஓரமாகத் தள்ளினோம். இவர் குடை பிடிக்க, டெல்கோ மூடியைத் திறந்து, காயிலிலிருந்து வரும் நடு வயரை ரோட்டர் ஆர்மின் மேல் இருக்கும் பித்தளைக்கு ஒரு இம்மி மேலே பிளாஸ்டிக் இடுக்கியால் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொன்னேன். ரோட்டர் ஆர்ம் நன்றாக இருந்தால் அங்கே பொறி தாவக்கூடாது, போக வழி இல்லை. பொறி நீலமாகத் தாவிக்கொண்டே இருந்தது. அந்தப் பித்தளையைப் பிடித்திருந்த ரிவெட் வழியாக, பிளாஸ்டிக்கைத் துளைத்துக்கொண்டு கரண்ட் அடியில் இருக்கும் ஷாஃப்ட்டுக்கு இறங்கிவிட்டது.

நல்ல வேளை, கழற்றிய பழைய ரோட்டர் ஆர்மை நான் எறியவில்லை. டாஷ்போர்டு தட்டில் ஒரு தகர டப்பாவில் இருந்தது. மாட்டினேன், முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. விற்றவர்களுக்கு எழுதினேன். வேறு ஒன்று அனுப்பினார்கள், அதுவும் அதே ரிவெட் வைத்தது. நான் போடவில்லை. இப்போது ரிவெட் இல்லாத ரோட்டர் ஆர்ம்தான் வாங்குகிறேன். புதுசு என்பதால் நல்லது என்று பழைய கார் விஷயத்தில் நம்பக்கூடாது. அந்தக் காலத்துப் பாகம் தேயாமல் இருந்தால் அதை விடாதீர்கள். ஸ்பார்க்குக்காகக் கரண்ட்டை விட்டு விட்டுத் துண்டிக்கும் பழைய பாயின்ட், கண்டென்சரை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டிருக்கிறேன், நன்றாக வேலை செய்கிறது, ஆனால் பாயின்ட்டும் கண்டென்சரும் பொருத்திய பழைய தட்டு அதே டப்பாவில், பாயின்ட் இடைவெளியை அளக்கும் 0.38 மில்லிமீட்டர் ஃபீலர் கேஜோடு தயாராக இருக்கிறது. எலக்ட்ரானிக் போனால் ரோட்டோரத்தில் ஒன்றும் செய்ய முடியாது. பாயின்ட் போனால் இருபது நிமிடத்தில் மாற்றலாம்.

வெயில் காலத்தில் வந்த தொல்லை வேறு. நன்றாக ஓடிவந்த வண்டியைப் பத்து நிமிடம் நிறுத்திவிட்டு எடுத்தால் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும், ஸ்டார்ட் ஆனாலும் நூறு மீட்டர் இருமிக்கொண்டே போகும். ஏ சீரிஸ் எஞ்சினில் கார்புரேட்டர் சைலன்சர் மேனிஃபோல்டுக்கு நேர் மேலே உட்கார்ந்திருக்கிறது. எஞ்சின் நின்றதும் சூடு மேலே ஏறி, பெட்ரோல் கொதித்து ஆவியாகிவிடுகிறது. கார்புரேட்டருக்கு அடியில் ஒரு அலுமினியத் தகடும், நடுவில் தடித்த ஸ்பேசரும் வைத்த பிறகு முக்கால்வாசி சரியானது. மீதிக்கு, சாவியைப் போட்டதும் ஸ்டார்ட் செய்யாமல் காருக்குள் இருக்கும் மின்சார பெட்ரோல் பம்பின் 'டிக் டிக்' சத்தம் நிற்கும் வரை காத்திருப்பேன். பம்பு கார்புரேட்டரை நிரப்பி முடித்ததும் தானே நிற்கும், அப்புறம் ஸ்டார்ட் செய்தால் பிடித்துக்கொள்ளும். ரேடியேட்டர் உட்பகுதியை மாற்றினோம். மைனருக்குச் சூடு காட்டும் மீட்டரே கிடையாது, ஒன்று வாங்கி வைத்தேன். எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றியிருந்தபோதே ஈயமில்லா பெட்ரோலுக்கு ஏற்ற கடினமான வால்வு சீட் போட்டோம், பெட்ரோல் ட்யூப்களையும் எத்தனால் தாங்குகிற ரகத்துக்கு மாற்றினோம். பழைய ரப்பர் எத்தனாலில் ஊறி வீங்கி வெடித்துவிடும்.

இழுவையைப் பற்றி நிறைய பேர் கேட்கிறார்கள். 48 குதிரைத்திறன்தான். ஆனால் காரின் எடை 800 கிலோவுக்கும் குறைவு. ஊருக்குள் ஓட்ட இதற்கு மேல் தேவைப்பட்டதில்லை. 80 கிலோமீட்டர் வேகத்தில் நாள் முழுக்கப் போகும். அதற்கு மேல் போனால் பேச்சுக் குரலை உயர்த்த வேண்டும். மைலேஜ் லிட்டருக்கு 13, 14 கிடைக்கிறது. முதல் கியருக்கு சின்க்ரோ (கியர் உரசாமல் விழ உதவும் அமைப்பு) இல்லாததால் வண்டி முழுசாக நின்ற பிறகுதான் போட வேண்டும். ஒரு வாரத்தில் பழகிவிடும். எஞ்சினின் பின்பக்கத்தில் ஆயில் சீல் கிடையாது, ஷாஃப்ட்டில் இருக்கும் திருகுப் பள்ளம்தான் ஆயிலை உள்ளே தள்ளுகிறது. அதனால் நிறுத்திய இடத்தில் ஒன்றிரண்டு சொட்டு இருக்கும், அது கோளாறு இல்லை. வைப்பருக்கு ஒரே வேகம்.

ஒரு விஷயத்தில் மட்டும் என்னால் இந்தக் காரைப் புகழ முடியாது. மோதினால் காப்பாற்ற இதில் எதுவும் இல்லை. ஏர்பேக் இல்லை, மோதலை வாங்கிக்கொண்டு நசுங்கும் முன்பகுதி இல்லை, சீட்டில் தலை சாய்க்க எதுவும் இல்லை. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று சீட் பெல்ட் போட்டோம். பெல்ட்டைப் பிடிக்கும் இடங்களில் தகடு வைத்து வெல்டு செய்தார் இவர், வெறும் பாடித் தகட்டில் போல்ட்டு போட்டால் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். முன்னால் போகிற வண்டிக்கும் எனக்கும் நடுவில் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு இடம் விடுகிறேன். அந்த இடத்தில் யாராவது நுழைந்தால் மறுபடியும் பின்வாங்குகிறேன். வேக நெடுஞ்சாலையில் தினமும் ஐம்பது, அறுபது கிலோமீட்டர் போகிறவர்களுக்கு மைனரைச் சொல்ல மாட்டேன். ஊருக்குள் ஓட்டுகிறவர்களுக்கு, வாரத்தில் ஒரு காலைப் பொழுதை வண்டிக்கு ஒதுக்கக்கூடியவர்களுக்கு, முக்கியமாக வீட்டில் இருவருக்குமே அந்த வேலை பிடித்திருந்தால், தயங்காமல் சொல்வேன்.

இருவருக்கும் பிடிக்க வேண்டும் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கிளட்சைக் கழற்றி மாட்டும்போது ஒருவர் மேலே, ஒருவர் கீழே வேண்டும். பிரேக்கில் காற்று எடுக்க ஒருவர் மிதிக்க, ஒருவர் நிப்பிளைத் திறக்க வேண்டும். அதைவிட, காலையில் அவர் ஓட்டிவிட்டு வந்து, "மூணாவது கியர்ல ஒரு சின்ன உறுமல் கேக்குது, உனக்குக் கேக்குதா பாரு" என்று சாவியைக் கொடுப்பார். சாயங்காலம் நான் ஓட்டிப் பார்த்துச் சொல்வேன். அன்றைக்குக் கேட்ட உறுமல் சைலன்சர் கிளாம்ப் தளர்ந்தது, பத்து நிமிட வேலை. இரண்டு ஜோடிக் காது இருந்ததால்தான் அது கழன்று ரோட்டில் விழும் வரை போகவில்லை.

இப்போது பாக்கி இருப்பது முன் கண்ணாடி ரப்பர். டிரைவர் பக்கத்துக் கீழ் மூலையில் பலத்த மழையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் இறங்கி, கால்மிதிக்கு அடியில் தேங்குகிறது. அங்கேதான் மாஸ்டர் சிலிண்டரின் மூடியும், இவர் போட்ட புதுத் தகடும் இருக்கின்றன. புது ரப்பர் நேற்று வந்துவிட்டது. கண்ணாடியை உடையாமல் ஏற்ற, பள்ளத்தில் சுற்றிலும் கயிறு வைத்து, சோப்புத் தண்ணீர் தடவி, வெளியே ஒருவர் தட்ட, உள்ளே ஒருவர் கயிற்றை இழுக்க வேண்டும். மழை தொடங்கும் முன் இந்த ஞாயிற்றுக்கிழமை முடித்துவிட வேண்டும். கயிறு இழுப்பது நான்.